பீக் வைத்த தலைக்கவசத்தில் இரைச்சலும் தலை உதறலும்: காற்று எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். இலங்கையின் கிழக்குக் கரையில், காரைதீவில் வசிக்கும் ஒருவர், மண்பாதைக்கும் ஏற்ற ட்ரெயில் வகையைச் சேர்ந்த பழைய 250 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றை வைத்திருக்கிறார். அதற்குப் பின்னாளில் ஒரு விண்ட்ஸ்கிரீன் பொருத்தியிருக்கிறார். வேலைக்கு அம்பாறைக்கும், விடுமுறை நாட்களில் பொத்துவில் பக்கமும் போய் வருகிறார். முன்னால் பீக் (நெற்றிக்கு மேல் தொப்பி விளிம்புபோல நீளும் தகடு) வைத்த அட்வெஞ்சர் வகைத் தலைக்கவசம் வாங்கிய பிறகு, மணிக்கு 60 கிலோமீற்றரைத் தாண்டினால் காதுக்குள் பெரும் இரைச்சல் எழுகிறது, தலை உதறுகிறது, வீடு வந்து சேர்ந்த பின்னும் சிறிது நேரம் காதுக்குள் ரீங்காரம் கேட்கிறது. சில நாட்களில் இவை எதுவும் இருப்பதில்லை. இன்னும் விலை கூடிய தலைக்கவசம் ஒன்றை வாங்கினால் தீருமா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் பதில். வாங்கினாலும் உங்கள் தொல்லையில் பெரும்பகுதி அப்படியே இருக்கக்கூடும். காரணம் தலைக்கவசத்தில் மட்டும் இல்லை. அதை வந்தடையும் காற்று எந்த வேகத்தில், எந்தத் திசையிலிருந்து, எதன்மேல் மோதிக் குழம்பிய பிறகு வருகிறது என்பதில்தான் பாதிக்கு மேற்பட்ட விடயம் இருக்கிறது.

"சில நாட்களில் ஒன்றுமில்லை" என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் இந்தக் கேள்வியிலேயே மிகவும் பயனுள்ள தகவல். காரைதீவிலிருந்து சம்மாந்துறை வழியாக அம்பாறைக்குப் போகும் வீதி பெரும்பாலும் மேற்கு நோக்கியது. இருபுறமும் வயல்வெளி, காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. கச்சான் வீசும் மாதங்களில் காற்று மேற்கிலிருந்து வருகிறது. உங்கள் ஸ்பீடோமீட்டர் 70 காட்டும்போது எதிர்க்காற்று 30 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால், தலைக்கவசத்தைப் பொறுத்தவரை நீங்கள் 100 கிலோமீற்றர் வேகத்தில் போகிறீர்கள். அதே காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது, அதே 70 இல், தலைக்கவசம் காண்பது வெறும் 40 தான். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பதால் இந்த இரண்டுக்கும் இடையே ஆறு மடங்கு வித்தியாசம் வருகிறது. கச்சான் ஓய்ந்த நாட்களில் நிலைமை தலைகீழாகிவிடும். பிற்பகல் கடற்காற்று கிழக்கிலிருந்து எழுவதால், போகும்போது அமைதியாக இருந்த தலைக்கவசம் திரும்பும்போது இரையும். நகருக்கு வெளியே மோட்டார் சைக்கிளுக்கு 70 என்ற வேக எல்லை உள்ள நமது நாட்டில், ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் 120 இல் ஓடுபவர்கள் சொல்லும் முறைப்பாடுகளையே நீங்களும் சொல்வதற்கு இதுவே காரணம்.

பொத்துவில் வீதி இன்னொரு விதமானது. கரையோரமாக வடக்குத் தெற்காக ஓடும் அந்த வீதியில் கச்சான் பக்கவாட்டிலிருந்து அடிக்கிறது. போகும்போது வலது கன்னத்திலும் வரும்போது இடது கன்னத்திலும் படும். 70 இல் ஓடும்போது 30 கிலோமீற்றர் பக்கக் காற்று இருந்தால், காற்று ஏறத்தாழ 23 பாகை சரிவாகத் தலைக்கவசத்தை வந்தடையும். முன்னாலிருந்து வரும் காற்றை மனதில் வைத்து வடிவமைத்த பீக்கும் காற்றுத் துளைகளும் அந்தக் கோணத்தில் ஒழுங்காக வேலை செய்வதில்லை. தம்பிலுவில், திருக்கோவில் பக்கத்துத் தென்னந்தோப்புகளைக் கடந்து திறந்த வெளிக்கு வரும் இடங்களில் தலை திடீரென்று ஒரு பக்கமாக இழுபடுவதும் இதனால்தான். அதை எந்தத் தலைக்கவசத்தாலும் முற்றாக நீக்க முடியாது.

இனி இரைச்சலையும் உதறலையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே வருவதால் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பிறப்பிடமும் வேறு, மருந்தும் வேறு.

உதறல் பெரும்பாலும் விண்ட்ஸ்கிரீனின் வேலை. ஸ்கிரீனின் மேல் விளிம்பையும் பக்க விளிம்புகளையும் தாண்டும் காற்று சீராகப் போவதில்லை. விளிம்பில் பிய்ந்து, மாறி மாறிச் சுழல்களாக உதிர்கிறது. 40 சென்ரிமீற்றர் அகலமான ஸ்கிரீனில் மணிக்கு 72 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் காற்று பட்டால், இந்தச் சுழல்கள் செக்கனுக்கு ஏறத்தாழ பத்துத் தடவை உதிரும் என்று கணக்கிடலாம். உங்கள் தலை அந்தச் சுழல்கள் போகும் பாதையில் இருந்தால் அதே தாளத்தில் தலையும் ஆடும், தூரத்துப் பலகைகளின் எழுத்துகள் மங்கும். ஸ்கிரீனே இல்லாத மோட்டார் சைக்கிளில் நெஞ்சில் காற்று அடிக்கும், கழுத்து களைக்கும். ஆயினும் தலைக்கு வரும் காற்று குழம்பாத காற்று என்பதால் இந்த நடுக்கம் மிகக் குறைவு. மிக உயரமான ஸ்கிரீனுக்குப் பின்னாலும் தலை ஓரளவு அமைதியான இடத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே, விளிம்பிலிருந்து வரும் காற்று நாடிக்கும் நெற்றிக்கும் இடையில் படும் உயரம்தான் ஆகக் கெட்டது. பின்னாளில் பொருத்தும் ஸ்கிரீன்களில் பல, சராசரி உயரமுள்ள ஒருவருக்குச் சரியாக இந்த இடத்திலேயே வந்து நிற்கின்றன. ஒருவருக்கு அருமையாக இருக்கும் ஸ்கிரீன், அவரைவிட மூன்று அங்குலம் உயரமான இன்னொருவருக்கு வேதனையாக இருப்பதில் வியப்பில்லை.

இதைக் கண்டறியச் செலவே இல்லாத சோதனை ஒன்று உண்டு. காலை ஏழு மணிக்கு முன், காற்று எழும்பாத நேரத்தில், கோமாரிக்கும் பொத்துவிலுக்கும் இடையே உள்ளதுபோன்ற நேரான, வாகனம் குறைந்த வீதியில் 60 இல் ஓடுங்கள். கால்தாங்கிகளில் மெதுவாக எழும்பி நின்று, தலை ஸ்கிரீனின் காற்றுக்கு மேலே போகும்படி சில செக்கன்கள் இருங்கள். பிறகு உட்கார்ந்து, பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல், தலையை ஸ்கிரீனுக்குப் பின்னால் தாழ்த்துங்கள். எழும்பியபோதும் தாழ்த்தியபோதும் உதறல் நின்று, இயல்பாக உட்காரும்போது மட்டும் திரும்ப வந்தால், குற்றவாளி ஸ்கிரீன்தான். அடுத்த நாள் ஸ்கிரீனைக் கழற்றிவிட்டு அதே வீதியில் அதே நேரம் ஓடிப் பாருங்கள். ஒவ்வொரு சோதனையையும் இரு திசைகளிலும் செய்ய வேண்டும். இல்லையென்றால் காற்றின் திசை மாறியதை ஸ்கிரீனின் மாற்றம் என்று எடுத்துக்கொள்வீர்கள். இணையத்தில் எழுதப்படும் அனுபவக் குறிப்புகளில் பாதி இந்த ஒரு பிழையால் பயனற்றுப் போகின்றன.

ஸ்கிரீன்தான் என்று தெரிந்தால், புதிதாக வாங்குமுன் அதன் சரிவை மாற்றிப் பாருங்கள். மேல் இரண்டு திருகாணிகளுக்கும் பின்னால் ஒரு சென்ரிமீற்றர் தடிப்புள்ள இறப்பர் வளையங்களை வைத்தால் ஸ்கிரீன் சற்று நிமிரும், காற்று இன்னும் மேலே போகும். கீழ்த் திருகாணிகளில் வைத்தால் அது படுத்துக்கொள்ளும், காற்று கீழே, தோளை நோக்கி வரும். கீழே வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஸ்கிரீனின் அடியில் ஓர் இடைவெளி கிடைத்து, அதன் வழியாகக் கொஞ்சம் காற்று உள்ளே புகும். ஸ்கிரீனுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்து போவதால்தான் பக்கங்களிலிருந்தும் முதுகுப்பக்கத்திலிருந்தும் காற்று சுழன்று உள்ளே இழுபடுகிறது. அடியிலிருந்து புகும் காற்று அந்தக் குறையை நிரப்பி உதறலைத் தணிக்கும். இதனாலும் ஆகவில்லை என்றால், மேல் விளிம்பில் கௌவிப் பிடிக்கும் சிறிய ஸ்பாய்லர் (காற்றைத் திருப்பும் தகடு) ஒன்றைப் பூட்டலாம். அல்லது ஸ்கிரீனையே குட்டையாக வெட்டிக் காற்றை நெஞ்சில் வாங்கலாம். நமது வேகங்களுக்கும் நமது வெயிலுக்கும் குட்டை ஸ்கிரீனே பொருத்தம் என்பது என் கருத்து. மே மாதத்து நண்பகலில் அம்பாறை வீதியில் நெஞ்சில் காற்றே படாமல் ஓடுவதைவிடக் கழுத்து கொஞ்சம் களைப்பது மேல்.

பீக்கைப் பற்றி. அது வெறும் அலங்காரம் அல்ல. தாழ்ந்த வெயிலில் கண்ணை மறைக்கிறது, முன்னால் போகும் வாகனம் எறியும் சேற்றையும் கல்லையும் ஓரளவு தடுக்கிறது. ஆனால் காற்றுக்கு அது ஒரு பாய்மரம். இரண்டு உள்ளங்கை அளவுள்ள பரப்பு காற்றுக்கு முழுதாக முகம் கொடுத்தால், 70 வேகக் காற்றில் ஏறத்தாழ அரைக் கிலோ, 100 வேகக் காற்றில் ஒரு கிலோவுக்கு மேல் என்ற அளவில் விசை வரும். அது நெற்றிக்கும் மேலே, கழுத்திலிருந்து தூரத்தில் வேலை செய்வதால், எண் காட்டுவதைவிடக் கழுத்து கூடுதலாக உணரும். நல்ல அட்வெஞ்சர் தலைக்கவசங்களில் பீக்கில் துளைகளும் வழிகளும் விட்டு இதைக் குறைத்திருக்கிறார்கள். அராய், ஷோஎய் (Shoei) போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் இதில் நிறையவே உழைத்திருக்கின்றன. ஆனாலும் கண்ணாடியைப் பார்க்கத் தலையைத் திருப்பும் நேரத்திலும் பக்கக் காற்றிலும் எந்தப் பீக்கும் இழுக்கத்தான் செய்யும். அறிகுறியை இப்படிப் பிரிக்கலாம்: தலை மேலே தூக்கப்பட்டு நாடிப்பட்டி தொண்டையை இறுக்கினால் பீக்கைச் சந்தேகியுங்கள், தலை சிறு நடுக்கமாகப் பக்கவாட்டில் ஆடினால் ஸ்கிரீனைச் சந்தேகியுங்கள்.

உங்கள் பாதையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காலையில் மேற்கே போகிறீர்கள், மாலையில் கிழக்கே வருகிறீர்கள். இரண்டு நேரமும் வெயில் உங்கள் முதுகில்தான். அம்பாறையில் குடியிருந்து காரைதீவுக்கு வேலைக்கு வருபவருக்குப் பீக் தினமும் இரண்டு தடவை உதவும். உங்களுக்கு வேலை நாட்களில் அதற்கு வேலையே இல்லை. கழற்றக்கூடிய பீக் என்றால் கழற்றி வீட்டில் வையுங்கள். கழற்ற விருப்பமில்லை என்றால், திருகாணியைத் தளர்த்தி ஆகக் கீழான நிலைக்குக் கொண்டுவாருங்கள். பீக்கை வானம் பார்க்க உயர்த்தி வைத்துக்கொண்டு ஓடுவது படத்துக்கு அழகு, கழுத்துக்குக் கேடு.

இனி இரைச்சல். மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேல் போனால் எஞ்சினின் சத்தத்தைவிடக் காற்றின் சத்தமே காதில் மேலோங்கும். முன்மறைப்பு இல்லாத மோட்டார் சைக்கிள்களில் பிரித்தானியாவில் செய்த அளவீடுகளில், தலைக்கவசத்துக்கு உள்ளே, ஓட்டுபவரின் காதருகே 60 இல் சுமார் 90 டெசிபெல்லும் 160 இல் சுமார் 110 டெசிபெல்லும் பதிவாகியிருக்கின்றன. நம்முடைய எதிர்க்காற்றுக் கணக்கின்படி 100 வேகக் காற்று என்றால் 100 டெசிபெல்லை அண்மிக்கிறோம். தொழிலிடங்களில் செவிப் பாதுகாப்புக்காக அமெரிக்காவின் நையோஷ் (NIOSH) நிறுவனம் வகுத்த பரிந்துரையில், 85 டெசிபெல் என்றால் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 94 க்கு ஒரு மணித்தியாலம், 100 க்கு வெறும் 15 நிமிடம். பொத்துவிலுக்கு ஒரு வழிப் பயணமே உங்களுக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது. வீட்டுக்கு வந்த பின் கேட்கும் ரீங்காரம் செவி அளவுக்கு மிஞ்சிக் களைத்ததன் அடையாளம். ஓரிரு மணித்தியாலத்தில் அடங்கிவிடுகிறது என்பதற்காக அதைப் பொருட்படுத்தாமல் விடக்கூடாது. தொடர்ந்தால், மெல்லிய உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன் நிரந்தரமாகக் குறையும், குறைந்தது திரும்ப வராது.

இந்த இரைச்சலின் பெரும்பகுதி தலைக்கவசத்தின் ஓட்டைத் துளைத்துக்கொண்டு வருவதில்லை. கீழே, கழுத்தைச் சுற்றியுள்ள திறப்பின் வழியாக வருகிறது. அட்வெஞ்சர் தலைக்கவசங்களில் நாடிப் பகுதி முன்னால் நீண்டிருப்பதால் உள்ளே வெற்றிடம் கூட. அதனால் இந்தக் குறை இன்னும் தெளிவாகத் தெரியும். ட்ரெயில் மோட்டார் சைக்கிளில் நிமிர்ந்து உட்காரும்போது, பெற்றோல் தாங்கியிலும் நெஞ்சிலும் மோதிய காற்று மேல்நோக்கி ஏறி நேராக நாடிக்கு அடியில் புகுகிறது. ஓடும்போது ஒரு கணம் நாடியை நெஞ்சோடு சேர்த்துக் குனிந்து பாருங்கள், இரைச்சல் சட்டென்று மாறினால் அதுதான் வழி. மெல்லிய பருத்திக் கழுத்துத் துணி ஒன்றைத் தலைக்கவசத்தின் கீழ் விளிம்புவரை இழுத்துவிட்டால் கணிசமாகக் குறையும். நாடித் திரை என்று சிறிய துணித் துண்டு பல தலைக்கவசங்களோடு பெட்டியிலேயே வருகிறது, பூட்டாமல் எறிந்துவிடுபவர்களே அதிகம். கன்னப் பஞ்சுகள் தளர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். தலைக்கவசத்தைப் பிடித்து இடம் வலமாகத் திருப்பினால் கன்னத்துத் தோலும் சேர்ந்து இழுபட வேண்டும். பஞ்சு தனியாக வழுக்கினால் அது பெரிய அளவு, அல்லது பழகிப் படிந்துபோன பஞ்சு. சில தயாரிப்புகளுக்குத் தடித்த பஞ்சு தனியாகக் கிடைக்கும்.

கூவலும் டிக்டிக் சத்தமும் வேறு வகை. கூவல் என்றால் எங்கோ ஒரு மெல்லிய இடைவெளி. வைசரின் (முகத்தை மூடும் கண்ணாடியின்) இறப்பர் ஓரத்தில் உப்பும் மணலும் படிந்து சரியாக மூடாமல் இருக்கலாம். கடற்கரையோரம் ஓடுபவர்களுக்கு இது வழமை. ஈரத்துணியால் துடைத்து, சிலிக்கன் எண்ணெய் ஒரு துளி தடவினால் போதும். இல்லையென்றால் காகித நாடாவால் காற்றுத் துளைகள், வைசர் ஓரம், பீக்கின் இணைப்பு எல்லாவற்றையும் ஒட்டிவிட்டு ஓடி, ஒவ்வொன்றாகப் பிரித்தெடுங்கள், எதைப் பிரித்தபோது கூவல் வந்ததோ அங்கேதான் இடைவெளி. டிக்டிக் சத்தத்துக்குப் பெரும்பாலும் நாடிப்பட்டியின் தொங்கும் நுனிதான் காரணம். இரட்டை வளையப் பூட்டில் இழுத்த பின் மிஞ்சும் வாலை அதிலுள்ள சிறு பொத்தானில் மாட்டாவிட்டால், அது காற்றில் துடித்து ஓட்டின்மேல் அடிக்கும். உள்ளே இருப்பவருக்கு அது தலைக்கவசமே உடைவதுபோலக் கேட்கும். தோள்பையின் பட்டியும் மழைக்கோட்டின் தொப்பியும் இதே வேலையைச் செய்யும்.

இவ்வளவையும் செய்த பின்னும் இரைச்சல் முழுதாகப் போகாது. போகாத பங்குக்குக் காதடைப்பான்தான் மருந்து, அதற்கு நிகரான மலிவான மருந்து வேறு இல்லை. நுரையால் செய்த சாதாரண அடைப்பானைச் சுத்தமான கையால் உருட்டி மெல்லியதாக்கி, மற்றக் கையால் காதின் மேற்பகுதியை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்துச் செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் அமுக்கி வைக்க வேண்டும். பக்கெட்டில் 30 டெசிபெல்லுக்கு மேல் என்று போட்டிருந்தாலும், நடைமுறையில் 20 குறைந்தால் நல்லது. அந்த 20 மட்டுமே 95 ஐ 75 ஆக்கிவிடும். காதை அடைத்தால் பஸ்ஸின் ஹோர்ன் கேட்காதே என்று எல்லோரும் கேட்கிறார்கள். அடைப்பான் காற்றின் சத்தத்தையும் ஹோர்னையும் சேர்த்தே குறைக்கிறது, அவற்றின் இடைவெளி ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. திறந்த வீதியில் 70 இல் ஓடும்போது பலருக்கு ஹோர்ன் முன்பைவிடத் தெளிவாகவே பிரிந்து கேட்கும். கல்முனை, சம்மாந்துறை நகர நெரிசலில் காற்றிரைச்சலே இல்லாததால் அங்கு மட்டும் ஓடுபவருக்கு அடைப்பான் தேவையில்லை. நமது வெக்கையில் காது வியர்க்கும் என்பதால் நுரை அடைப்பானை அடிக்கடி மாற்றுங்கள். காதில் சீழோ அரிப்போ இருந்தால் வைத்தியரிடம் காட்டாமல் எதையும் செருக வேண்டாம்.

செய்யக்கூடாதவற்றையும் சொல்ல வேண்டும். உள்ளேயுள்ள வெண்ணிற நுரை ஓட்டைக் குடைந்து இடம் எடுப்பதோ, ஓட்டில் துளையிடுவதோ, காற்றுத் துளைகளைச் சிலிக்கன் பசையால் நிரந்தரமாக அடைப்பதோ வேண்டாம். விழுந்தால் தலையைக் காப்பது அந்த நுரைதான். இரைச்சலைக் குறைக்க உள்ளே பஞ்சைத் திணிப்பதும் தலைக்கவசம் தலையில் உட்காரும் விதத்தைக் கெடுத்துவிடும்.

இவற்றுக்குப் பிறகும் புதிதாக வாங்குவதென்றால், விளம்பரத்தில் உள்ள டெசிபெல் எண்ணை நம்பி வாங்காதீர்கள். அது குழம்பாத காற்றுள்ள காற்றுச் சுரங்கத்தில் அளந்த எண், உங்கள் ஸ்கிரீனுக்குப் பின்னால் அளந்தது அல்ல. முதலில் தலைக்குப் பொருந்தும் வடிவம், அடுத்து இலங்கைக் கட்டளைகள் நிறுவகத்தின் எஸ்.எல்.எஸ். முத்திரை அல்லது ஐரோப்பிய ஈ.சி.ஈ. 22.06 முத்திரை, அதன் பிறகே இரைச்சல். கடையில் பத்து நிமிடமாவது போட்டுக்கொண்டு நில்லுங்கள், நெற்றியில் ஒரு புள்ளி மட்டும் வலித்தால் அந்த வடிவம் உங்களுடையதல்ல. பீக் கருவியில்லாமல் கழற்றக்கூடியதா என்று கேளுங்கள். கழற்றிய பின் பக்கத் துளைகளை மூடும் சிறிய மூடிகள் பெட்டிக்குள் இருக்கின்றனவா என்று பணம் கொடுக்குமுன் திறந்து பாருங்கள், ஏனென்றால் அந்தத் துளைகள் திறந்திருந்தால் கழற்றிய பீக்குக்குப் பதிலாக அவை கூவத் தொடங்கும்.